ஆர்மோனியத்துக்குப் பக்கத்தில்

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் பேத்தி ஏழு வயதிலிருந்து பரதம் படித்தவள். பி.காம். முடித்துவிட்டு, மேடை இசை நாடகங்களுக்கு நடனம் அமைத்து இயக்கப்போகிறேன் என்கிறாள். அமெரிக்காவின் பாப் ஃபாஸி மாதிரி வரவேண்டுமாம். இதெல்லாம் ஒரு தொழிலா? வருமானம் உண்டா? கூத்தாடி என்ற பேர் நம் வீட்டுக்கு வந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

ஓர் ஆச்சி, தேவகோட்டை

அன்புள்ள ஆச்சி,

கூத்தாடி என்று எழுதியிருக்கிறீர்கள். திருவிழா நாடகத்துக்குப் பணமும் கொடுத்து, விடியவிடிய உட்கார்ந்து வள்ளியையும் ரசித்துவிட்டு, காலையில் வீட்டுக்குப் போய்ச் சொல்கிற சொல் அது. உங்கள் வயதுக்கு மரியாதை வைத்து இதோடு விடுகிறேன்.

ஃபாஸி 1973இல் ஒரே ஆண்டில் சினிமாவுக்கு ஆஸ்கர், மேடைக்கு டோனி, தொலைக்காட்சிக்கு எம்மி என்று மூன்று விருதையும் வாங்கியவர். பேர் பற்றிய பயத்துக்கு அது போதும்.

எனக்கு வேறொருவர் நினைவுக்கு வந்தார், ஓர் ஆர்மோனியக்காரர். பத்து வயதில் குன்றக்குடிப் பக்கம் ஒரு பொட்டலில் ‘வள்ளி திருமணம்’ பார்த்தேன், மேடையோரம் சாக்கு விரித்து. நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் காலத்து நாடகக் கம்பெனிகளில் சொல்லிக்கொடுக்க வாத்தியார் இருந்தார். ஓர் இரவுக்கென்று நடிகர்களைத் தனித்தனியே வரவழைத்து நடத்தும் ஸ்பெஷல் நாடகத்தில் அவரும் இல்லை. நாயகனாக வரும் ராஜபார்ட் ஓர் ஊர், நாயகியாக வரும் ஸ்திரீபார்ட் ஓர் ஊர். ஒத்திகை கிடையாது. அன்றைக்கு வள்ளிக்கு வந்த பெண் சின்னவள். முதல் பாட்டிலேயே மேல் ஸ்தாயியில் குரல் கிழிந்தது. கூட்டத்தில் விசில்.

ஆர்மோனியக்காரர் தலையை நிமிர்த்தவில்லை. அடுத்த பாட்டை அரைக் கட்டை இறக்கித் தொடங்கினார். இடது கை துருத்தியை அமுக்கியபடி இருக்க, தாடையை மட்டும் லேசாக வலப்பக்கம் அசைத்தார். அவள் இரண்டு அடி நகர்ந்து மைக்குக்கு நேராக வந்தாள். ராஜபார்ட் மூச்சு வாங்கியபோது இவரே பின்பாட்டைப் பிடித்துக்கொண்டார். வள்ளியும் முருகனும் வாதாடும் தர்க்கம் வந்தபோது அந்தப் பெண் முருகனை ஓட ஓட விரட்டினாள். விசில் அப்போதும் வந்தது, வேறு மாதிரி.

அடவு சொல்லிக்கொடுப்பது இந்த வேலையில் பாதிகூட இல்லை ஆச்சி. யார் எங்கே நிற்கிறார்கள், யாருக்கு மூச்சு முட்டுகிறது என்று பார்க்கத் தெரிய வேண்டும். நியூயார்க்கின் நடன இயக்குநர் மைக்கேல் பென்னட்டுக்கு அந்தக் கண் இருந்தது. 1974 ஜனவரியில் நடனக்காரர்கள் விடியவிடிய உட்கார்ந்து தங்கள் கதையைச் சொல்ல, டேப்பில் பதிவானது. பின்வரிசையில் ஆடுகிறவர்களின் கதை. அதிலிருந்து அவர் கட்டிய ‘எ கோரஸ் லைன்’ என்ற இசை நாடகம் 1975இல் மேடையேறி, 1990 வரை 6,137 காட்சிகள் ஓடியது. ஆனால் அந்தக் கதைகளுக்கு முதலில் தலைக்கு ஒரு டாலர் கொடுத்துத்தான் எழுதி வாங்கினார்கள். ஒரே ஒரு டாலர்! பிறகு ராயல்டியில் ஒரு பங்கு கிடைத்தது, சரி. எனக்கு அந்த ஒரு டாலர் இன்னும் செரிக்கவில்லை. பேத்தி பெரிய ஆளாக வந்தால் இதை அவளிடம் கட்டாயம் சொல்லுங்கள். அடுத்தவர் உடம்பையும் வாழ்க்கையையும் வைத்துச் செய்கிற தொழில் இது.

வருமானம் கேட்டிருந்தீர்கள். மாதச் சம்பளமாக வராது.

பங்குனியில் எங்கள் ஊரில் நாடகம். அவளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். மேடைக்கு நேராக வேண்டாம், ஆர்மோனியத்துக்குப் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள். கொசு பிடுங்கும், போர்வை கொண்டுவாருங்கள்.