இலவ மரம் நட்ட வீடு

கேள்வி: எனக்கு வயது 29. புதுச்சேரி முத்தியால்பேட்டையில் வசிக்கிறேன். பிரெஞ்சுக் குடியுரிமை பெற்றிருந்த என் தாத்தா, கம்போடியத் தலைநகர் புனோம் பென்னில் வேலை பார்த்தபோது மணந்துகொண்ட கெமர் இனப் பெண்தான் என் ஆயா. 1975இல் கெமர் ரூஜ் என்ற கம்யூனிஸ்ட் படை நகரைப் பிடித்ததும் பிரெஞ்சுத் தூதரகத்தில் தஞ்சம் புகுந்து, தாய்லாந்து, பிரான்ஸ் வழியாக ஊர் வந்து சேர்ந்தார்கள். இதற்கு மேல் வீட்டில் ஒரு சொல் கிடையாது. அப்பாவுக்கு அப்போது ஆறு வயது. தாத்தா இப்போது இல்லை. சித்திரை வருடப்பிறப்பு கழிந்த இரண்டு மூன்று நாளில் ஆயா யாரோடும் பேசாமல் இருந்துவிடுவார். புரட்டாசியில் ஒருநாள் விடியுமுன் எழுந்து ஏழு சோற்றுருண்டை பிடித்து முருங்கை மரத்தடியில் போடுவார். சென்ற மாதம் தாத்தாவின் படத்தைத் துடைக்கக் கழற்றியபோது, சட்டத்துக்குள் இன்னொரு படம் இருந்தது. ஓர் இளைஞர், அவர் இடுப்பில் ஒரு சிறுமி, பின்பக்கம் கெமர் எழுத்தில் இரண்டு வரி. ஆயா அதைப் பிடுங்கிக்கொண்டார். அதற்குள் அலைபேசியில் அந்த வரிகளைப் படம் எடுத்துவிட்டேன். “அதக் கெளறாதம்மா” என்கிறார் அப்பா. செயலியில் போட்டுப் படித்துவிடலாமா? எனக்கும் ஒரு விநோதமான பழக்கம் உண்டு. இரண்டு நாள் சென்னைக்குப் போனாலும் அசல் சான்றிதழ்களையெல்லாம் பையில் எடுத்துக்கொண்டுதான் கிளம்புவேன். இனப்படுகொலையின் நினைவு மரபணு வழியாக இறங்கும் என்கிறார்களே, உண்மையா?

பதில்: அன்பு மகளுக்கு,

செயலி விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன்: போடாதீர்கள். ஐம்பது ஆண்டுகளாக அந்த இரண்டு வரிகளை மறைத்துவைத்திருப்பவர் அதே வீட்டில் உயிரோடு இருக்கும்போது, அவருக்குத் தெரியாமல் படிப்பது பிறர் கடிதத்தைப் பிரிப்பதற்குச் சமம். தவிரவும், படித்த மறுநிமிடத்திலிருந்து ஒன்றும் தெரியாதவர்போல நீங்கள் நடந்துகொள்ள வேண்டியிருக்கும். மறைத்துவைப்போர் எண்ணிக்கையில் ஒருவர் கூடுவதைத் தவிர வேறு பயன் இராது.

ஆயா எதுவும் சொன்னதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தை இரண்டாம் முறை படித்தபோது எனக்கு அப்படித் தோன்றவில்லை. கெமர் புத்தாண்டும் நம் சித்திரைப் பிறப்பை ஒட்டியே வரும். 1975இல் அந்தப் பண்டிகை முடிந்த கையோடு, ஏப்ரல் 17ஆம் நாள் புனோம் பென் வீழ்ந்தது. மருத்துவமனைப் படுக்கையில் கிடந்தவர்கள் உட்பட ஊர் மொத்தமும் சில நாள்களுக்குள் நாட்டுப்புறத்துக்கு விரட்டப்பட்டது. ஆயா பேச்சை நிறுத்தும் நாள் எதுவென்று அடுத்த ஆண்டு நாள்காட்டியில் பாருங்கள்.

புரட்டாசி உருண்டைகளும் அப்படியே. கம்போடியாவில் ‘பிச்சும் பென்’ என்று முன்னோருக்கான பதினைந்து நாள்கள் உண்டு. பெரும்பாலும் நம் மகாளய பட்சத்தோடு சேர்ந்தே வரும். ‘பென்’ என்பது நம்முடைய ‘பிண்டம்’தான். விடியுமுன் பௌத்த விகாரையைச் சுற்றிவந்து சோற்றுருண்டைகளை இருளில் வீசுவார்கள்; பசியோடு அலையும் ஆவிகள் தம் மக்கள் வைத்த படையலை ஏழு விகாரைகளில் தேடும் என்பது நம்பிக்கை. ஆகவே ஏழு உருண்டை என்றதும் ஏழு பேர் மாண்டார்கள் என்று கணக்குப் போட்டுவிடாதீர்கள். போவதற்கு ஒரு கெமர் விகாரை இல்லாத ஊரில், முருங்கை மரத்தடியையே ஏழு விகாரைகளாக அவர் பாவித்திருக்கலாம். (காக்கைக்குச் சோறு வைப்பதாகத்தான் அக்கம்பக்கத்தார் நினைத்திருப்பார்கள்; கடலூர்க்காரியான நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.)

இனித் தூதரகத்துக்கு வருகிறேன். அந்த வளாகத்துக்குள் தஞ்சம் புகுந்தவர்களில் வெளிநாட்டுக் கடவுச்சீட்டு இல்லாத கம்போடியர்களை வெளியே அனுப்பிவிடும்படி கெமர் ரூஜ் கட்டளையிட்டது. பிரெஞ்சுக்காரரை மணந்த கம்போடியப் பெண் உள்ளே இருக்கலாம். பிரெஞ்சுப் பெண்ணை மணந்த கம்போடிய ஆணுக்கு அந்தச் சலுகை இல்லை. அண்ணன் தம்பி, தாய் தகப்பன் என்ற உறவெல்லாம் அங்கே செல்லவில்லை. வெளியேற்றப்பட்டவர்கள் வாசலைக் கடந்து நடந்துபோனார்கள். எஞ்சியவர்களை ஏற்றிய முதல் லாரி வரிசை ஏப்ரல் 30 அன்று தாய்லாந்து எல்லைக்குப் புறப்பட்டது. உங்கள் தாத்தாவின் காகிதம் ஆயாவையும் அப்பாவையும் காப்பாற்றியது என்பது உறுதி. படத்திலிருக்கும் இளைஞர் அந்தக் காகிதத்துக்குள் அடங்காதவரா, அந்தச் சிறுமி யார் என்பதெல்லாம் என் ஊகத்துக்கு அப்பாற்பட்டவை, உங்கள் ஊகத்துக்கும்தான்.

கெமர் மொழியில் ‘கோ’ என்ற ஒரே ஒலி இலவ மரத்தையும் குறிக்கும், ஊமையையும் குறிக்கும். 1979 ஜனவரி வரை நீடித்த அந்த ஆட்சியில் பசியாலும் நோயாலும் கொலையாலும் சுமார் 17 லட்சம் பேர் மடிந்தபோது, உள்ளே சிக்கியவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்ட புத்திமதி ‘இலவ மரம் நடு’ என்பதுதான்: காணாதவராய், கேளாதவராய், ஊமையாய் இருந்து உயிரைக் காத்துக்கொள். எல்லையைத் தாண்டிவிட்ட உங்கள் ஆயாவுக்கு அந்தத் தேவை இருக்கவில்லை. எனினும் அதே மரத்தை அவர் முத்தியால்பேட்டையில் நட்டிருக்கிறார். தான் பிழைத்த கதையைத் தொடங்கினால், உடன் வராதவர்களின் பெயரைச் சொல்லாமல் அதை முடிக்க முடியாது என்பது அவருக்குத் தெரிந்திருக்கும்.

மரபணு பற்றிய உங்கள் கேள்விக்குச் சுருக்கமாகவே பதில் சொல்கிறேன். நாஜிப் படுகொலையில் பிழைத்தவர்களின் பிள்ளைகளிடம் காணப்பட்ட அச்சங்களைப் பற்றி மருத்துவர்கள் 1960களிலிருந்தே எழுதிவருகிறார்கள்; ஆனால் அச்சம் உடலின் வேதியியல் வழியே இறங்குகிறது என்னும் ஆய்வுகள் மனிதர்களைப் பொறுத்தவரை மிகச் சிறியவை, அவற்றின் மீது விவாதமும் ஓயவில்லை. உங்கள் சான்றிதழ்ப் பைக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. காகிதம் வைத்திருந்தவர் உள்ளே, இல்லாதவர் வெளியே என்று ஆறு வயதில் பார்த்த ஒருவர் உங்களை வளர்த்திருக்கிறார். ரேஷன் அட்டையையும் ஆதாரையும் அப்பா எங்கே, எப்படி வைத்திருக்கிறார் என்று கவனியுங்கள். பழக்கம் தூக்கத்தைக் கெடுக்கும் அளவுக்கு வந்தால் ஜிப்மர் மனநலப் பிரிவில் காட்டத் தயங்க வேண்டாம்.

அப்பாவின் தடையைக் கோழைத்தனம் என்று எண்ணாதீர்கள். அந்தச் சிறுமியை அவருக்கு நினைவிருக்கலாம். நினைவில்லை என்பதே கூட அவருக்கு உறுத்தலாக இருக்கலாம். வெளிநாடுகளில் பதிவான பிரெஞ்சுக் குடிமக்களின் பிறப்பு, திருமணப் பதிவுகளை நாந்த் நகரிலுள்ள பிரெஞ்சு அலுவலகம் பாதுகாக்கிறது. ஆயாவின் திருமணமும் அப்பாவின் பிறப்பும் அங்கே இருக்கக்கூடும். அப்பாவுக்கு ஒரு தங்கை இருந்திருந்தால் அவளும் இருக்கக்கூடும். அந்த நகலைக் கேட்டு எழுதும் உரிமை முதலில் அப்பாவுடையது. வழி இருக்கிறது என்று ஒருமுறை சொல்லிவிட்டு விட்டுவிடுங்கள். காணாமற்போனவர்களின் தடத்தைத் தேட புனோம் பென்னில் கம்போடிய ஆவண மையம் இருக்கிறது. கெமர் ரூஜ் நடத்திய துவோல் ஸ்லெங் சிறைச்சாலையின் ஆவணங்களும் காக்கப்பட்டிருக்கின்றன. ஆனால் அவற்றில் தேடுவதற்குப் பெயர் வேண்டும். பெயர் ஆயாவிடம்தான் இருக்கிறது.

ஆயாவிடம் ‘இனப்படுகொலை’ என்ற சொல்லோடு போய் நிற்காதீர்கள். 2018இல், கெமர் ரூஜ் தலைவர்களை விசாரித்த தீர்ப்பாயமே அந்தக் குற்றத்தை வியட்நாமியருக்கும் சாம் என்ற சிறுபான்மை இன முஸ்லிம்களுக்கும் நேர்ந்த கொடுமைக்குத்தான் சூட்டியது. மற்றவை மனிதகுலத்துக்கு எதிரான குற்றங்கள் என்றே தீர்ப்பில் இடம்பெற்றன. அது நீதிமன்றத்துக்கு வேண்டிய பாகுபாடு. ஆயாவுக்கு அது ஒரு வாசல், அதைக் கடந்து நடந்த சில முதுகுகள்.

அலைபேசியிலுள்ள படத்தை அவரிடமே காட்டி, “தெரியாமல் எடுத்துவிட்டேன் ஆயா, படிக்கவில்லை” என்று சொல்லி, அழித்துவிடட்டுமா என்று கேளுங்கள். அழி என்றால் அவர் முன்னாலேயே அழித்துவிடுங்கள். பிறகு மகாளயம் வரும்வரை இந்தப் பேச்சையே எடுக்க வேண்டாம். அன்றைக்கு அவருக்கு முன்னால் எழுந்து, அரிசியைக் களைந்து உலையில் போடுங்கள். அவர் அடுப்படிக்கு வந்ததும், யாருக்கு என்று கேட்காமல், “நானும் உருட்டட்டுமா, ஆயா?” என்று மட்டும் கேளுங்கள்.