ஊசியும் உல்லன் நூலும்: வாசகர் கேள்விகளுக்கு ஒரு விலங்கியல் பேராசிரியரின் பதில்கள்

சொந்த ஊர் குன்னூர். கோவையில் ஒரு கல்லூரியில் 29 வருடமாக விலங்கியல் நடத்துகிறேன். பையில் எப்போதும் பின்னல் ஊசி இருக்கும் என்று போன இதழில் போகிற போக்கில் சொல்லிவிட்டேன். வந்த கடிதங்களில் முக்கால்வாசி அதைப் பற்றித்தான். தவளையைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.

வகுப்பு, ரெக்கார்டு நோட்டு, விடைத்தாள்... நடுவில் பின்னுவதற்கு எங்கே சார் நேரம்?
*ஓர் ஆசிரியை, ஈரோடு*

தனியாக நேரம் ஒதுக்குவதில்லை. காலையில் பால் காய்வதற்குள் இரண்டு வரிசை (பால் பொங்கிய நாட்களும் உண்டு, வீட்டில் கேட்டுப் பாருங்கள்). பஸ்ஸில் நாலு வரிசை. துறைக் கூட்டம் என்றால் மேசைக்குக் கீழே. கூட்டம் எத்தனை மணி நேரம் நடந்தது என்பதைவிட எத்தனை சென்டிமீட்டர் என்றுதான் எனக்கு நினைவிருக்கும். போன மாதப் பாடத்திட்டக் கூட்டம் 11 செ.மீ.

ஆய்வகத்துக்கு மட்டும் கொண்டுபோவதில்லை. ஒருமுறை என் சட்டையிலிருந்து பறந்த இழை ஸ்லைடில் விழுந்து, ஒரு மாணவர் அதை உருளைப்புழு என்று வரைந்து, தலை, வால் எல்லாம் பாகம் குறித்துவிட்டார். நானும் சரி பார்த்துக் கையெழுத்துப் போட்டேன்.

தப்பாக நினைக்காதீர்கள். ஆண் பின்னினால் யாரும் சிரிக்க மாட்டார்களா?
*ஒரு வாசகர், தஞ்சாவூர்*

சிரிப்பார்கள். பஸ்ஸில் எதிர் சீட்டுப் பாட்டிகள் மட்டும் சிரிப்பதில்லை, கண்ணியை (ஊசியில் நிற்கும் நூல் வளையத்தை) எண்ணிப் பார்க்கிறார்கள். பெரு நாட்டில் டிட்டிகாக்கா ஏரியில் டாக்கிலே என்று ஒரு தீவு. அங்கே ஊசியில் பின்னுவது ஆண்கள் வேலை. பையன்கள் சின்ன வயதிலேயே கற்றுக்கொள்கிறார்கள். அவ்வளவு தூரம் போவானேன், நீங்கள் போட்டிருக்கும் பனியனை லென்ஸ் வைத்துப் பாருங்கள். வெளிப்பக்கம் குட்டிக் குட்டி 'வி' எழுத்துகள், உள்பக்கம் மேடுகள். திருப்பூர் மெஷினில் ஓடுவதும் என் மடியில் வளர்வதும் ஒரே கண்ணிதான்.

எனக்குக் கற்றுக்கொடுத்தது அம்மா. அவர் ஊசியைத் தொட விடமாட்டார். பழைய சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பி இரண்டை எடுத்துத் தரையில் தேய்த்து முனை மழுக்கிக் கொடுத்தார்.

உயிரியல் படித்தது பின்னலுக்கு எந்த வகையிலாவது உதவியிருக்கிறதா?
*கல்லூரி மாணவி, திருநெல்வேலி*

மானம்தான் போயிருக்கிறது அம்மா. பாடம் நடத்த வசதியாக இருக்குமே என்று டிஎன்ஏ மஃப்ளர் ஒன்று பின்னினேன். இரண்டு இழைகள் ஒன்றையொன்று சுற்றிப் போவதுபோல் வரவேண்டும். அதற்கு நான்கு கண்ணிகளில் முதல் இரண்டைத் தனி ஊசியில் ஏற்றி ஒதுக்கிவிட்டு, அடுத்த இரண்டை முதலில் பின்ன வேண்டும். ஒதுக்கியதைத் துணிக்கு முன்னால் பிடித்தால் முறுக்கு ஒரு பக்கம் போகும், பின்னால் பிடித்தால் மறுபக்கம் போகும். இங்கேதான் கோட்டை விட்டேன்.

நாற்பது நாள் வேலை. கழுத்தில் போட்டுக்கொண்டு கம்பீரமாக வகுப்புக்குப் போனேன். மூன்றாவது பெஞ்சிலிருந்து ஒரு மாணவி எழுந்து, "சார், இது இடமுறுக்கா இருக்கே" என்றார். 1953-ல் வாட்சனும் கிரிக்கும் சொன்ன டிஎன்ஏ வலமுறுக்கு. சாதாரண திருகாணியை நிறுத்தி வைத்துப் பாருங்கள், முன்பக்கத்து மரை இடது கீழிருந்து வலது மேலே ஏறும். என் மஃப்ளரில் அப்படியே தலைகீழ்.

விடுவேனா? "இது ஸெட்-டிஎன்ஏ, டிஎன்ஏவில் இன்னொரு வகை. அதற்கு இடமுறுக்குதான், 1979-ல் அதன் அமைப்பை வெளியிட்டார்கள்" என்றேன். "அதுல முதுகெலும்பு, அதாவது அந்த ரெண்டு இழையும், கோணல்மாணலா போகும் சார், இது வழவழன்னு இருக்கே" என்றார். உட்கார்ந்துவிட்டேன்.

பிரித்துப் பின்ன மனம் வரவில்லை. இப்போதும் அந்தப் பாடத்தின் முதல் நாள் அதைப் போட்டுக்கொண்டு போகிறேன், எதுவும் சொல்வதில்லை. இந்த வருடம் நாலு நாள் ஆகியும் ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை.

சுவரில் சாம்பல் நிறத்தில் பூசணி விதைபோல் ஒட்டிக்கொண்டிருக்கிறதே, அதுதான் ஸ்வெட்டரைத் தின்கிறதா?
*இல்லத்தரசி, மதுரை*

இதைத்தான் எதிர்பார்த்தேன்! அது பை. உள்ளே ஒரு புழு இருக்கிறது, அந்துப்பூச்சி இனம். தூசி, மணல், நூலிழையை ஒட்டித் தனக்குத் தானே செய்துகொண்ட கூடு. இரண்டு பக்கமும் வாசல் உண்டு. ஒரு பக்கம் நீங்கள் குச்சியால் குத்தினால் உள்ளேயே திரும்பி மறுபக்கம் தலை நீட்டும். ஒட்டடை, உதிர்ந்த முடி, கம்பளி எல்லாம் அதற்குச் சாப்பாடு. சிறகு முளைத்துப் பறக்கும் அந்துகள் துணியைத் தின்பதில்லை. முட்டையிட இடம் தேடித்தான் வருகின்றன.

கம்பளியைத் துவைத்து, நன்றாகக் காயவைத்து, காற்றுப் புகாத கவரில் கட்டி வையுங்கள். ஏற்கெனவே புழு வந்திருந்தால் கவரோடு இரண்டு வாரம் ஃப்ரீசரில் வைக்கலாம். நாப்தலின் உருண்டை கைக்குழந்தை இருக்கும் வீட்டில் வேண்டவே வேண்டாம். சில குழந்தைகளுக்கு அதனால் ரத்தச் சிவப்பணுக்கள் சிதையும்.

சுடுநீரில் துவைத்த கம்பளி ஸ்வெட்டர் பொம்மைக்குப் போடும் அளவாகிவிட்டது. இழுத்தால் பழையபடி வருமா?
*ஒரு வாசகர், சேலம்*

வராது. கம்பளி இழை நம் தலைமுடி மாதிரியே கெரட்டின் புரதம். மேலே ஓட்டு வீட்டுக் கூரைபோல் செதில்கள். சூடு, சோப்பு, கசக்கல் மூன்றும் சேர்ந்தால் இழைகள் ஒன்றுக்குள் ஒன்று நகர்ந்து செதிலில் மாட்டிக்கொள்ளும். முன்னே போகும், பின்னே வராது. வெட்டினாலும் இனி பிரியாது, அதனால் சுடுபாத்திரம் பிடிக்கும் துணியாகத் தைத்துக்கொள்ளுங்கள்.

கோவை வெயிலில் நீங்கள் பின்னுவதை எல்லாம் யார்தான் போடுகிறார்கள்?
*பெயர் வேண்டாம் என்று எழுதியவர், கரூர்*

ஸ்வெட்டர் எல்லாம் குன்னூரில் தங்கை வீட்டுக்குப் போகும். கோவையில் நான் அதிகம் பின்னுவது பருத்தி நூல் தொப்பி, குறைமாதக் குழந்தைகளுக்கு. உடம்போடு ஒப்பிட்டால் அவர்கள் தலை பெரிது, அதன் வழியாகச் சூடு சீக்கிரம் போய்விடும். 28 வாரத்தில் பிறந்த குழந்தைக்குத் தலைச் சுற்றளவு ஏறக்குறைய 25 செ.மீ.தான். நல்ல பெரிய சாத்துக்குடி ஒன்றுக்குப் போட்டு அளவு பார்த்துக்கொள்வேன். போன வாரம் தொப்பியைக் கழற்ற மறந்து அப்படியே ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டேன். ஜூஸ் போட அதைக் கையில் எடுத்த என் மனைவி, கத்தியை வைத்துவிட்டு வேறு பழம் தேடினார்.