திரையில் ஒன்று, கையேட்டில் இன்னொன்று

வாசகர் கேள்வி – பதில்: பழைய தொலைக்காட்சித் தொடர்கள்

கேள்வி: பாடசாலைப் பொது அறிவுப் போட்டிக்கு வினாக்கள் தயாரிக்கிறோம். 'கொலம்போ' என்ற அமெரிக்கத் தொடரில் வரும் துப்பறிவாளர் கொலம்போவின் முதற்பெயர் பிலிப் என்கிறது எங்களிடமுள்ள தொகுப்பு நூல். மாணவன் ஒருவன் ஃபிராங்க் என்று அடித்துச் சொல்கிறான். யாருக்குப் புள்ளி போடுவது?
– ஆசிரியை, புதுக்குடியிருப்பு

பதில்: மாணவனுக்கே போடுங்கள். 'பிலிப்' கைதவறி விழுந்த பிழையல்ல, வேண்டுமென்றே வைத்த பொறி. ஃபிரெட் வொர்த் என்ற அமெரிக்கர், தன் துணுக்குக் களஞ்சியத்தைப் பார்த்தெழுதுபவர்கள் அகப்படட்டும் என்று இந்தப் பெயரை இட்டுக்கட்டிச் சேர்த்தார். ட்ரிவியல் பெர்சூட் விளையாட்டின் வினா அட்டையில் அதே பிலிப் வந்து நின்றது. 1984இல் வொர்த் 300 மில்லியன் டொலர் கேட்டு வழக்குப் போட்டார், தோற்றார். அவருடைய நூலையும் பார்த்தோம் என்பதை விளையாட்டைத் தயாரித்தவர்கள் மறைக்கவில்லை. தகவலுக்குப் பதிப்புரிமை கிடையாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. வழக்கு முடிந்தும் பிலிப் சாகவில்லை. உங்கள் நூல்வரை வந்து சேர்ந்திருக்கிறார்.

1971இல் வெளியான 'டெட் வெயிட்' பகுதியில் கொலம்போ தன் அடையாள அட்டையை விரித்துக் காட்டுவார். அந்த இடத்தில் படத்தை நிறுத்திப் பாருங்கள், கையொப்பம் ஃபிராங்க் கொலம்போ. பழைய டெக் நாடாவில் எழுத்துக் கலங்கித் தெரியும், இறுவட்டுப் பிரதிதான் உதவும். வசனத்தில் யாரும் அவரை முதற்பெயர் சொல்லி அழைப்பதில்லை. ஆகவே "அடையாள அட்டையில் காணப்படும் முதற்பெயர் எது?" என்று வினாவை அமைத்தால் வம்பு வராது. இரண்டு நூல்கள் ஒரே விடையைச் சொல்வதையும் சாட்சியாக எடுக்க வேண்டாம். ஒன்றைப் பார்த்து மற்றது எழுதப்பட்டிருந்தால் அது ஒரு சாட்சிதான்.

கேள்வி: ஸ்டார் ட்ரெக் பகுதிகள் 50 நிமிடம் என்கிறது கையேடு. என்னிடமுள்ள இறுவட்டில் 48 நிமிடத்தில் முடிகிறது. வெட்டிவிட்டார்களா? மூன்றாவது பகுதியில் விண்கப்பல் தலைவரின் பெயரும் மாறிக் கிடக்கிறது.
– வாசகர், மல்லாவி

பதில்: வெட்டு இல்லை, வேகம்தான் காரணம். தொடர் படச்சுருளில் நொடிக்கு 24 படச்சட்டங்களாக எடுக்கப்பட்டது. நம் நாட்டில் வழங்கும் பால் (PAL) என்ற ஒளிபரப்பு முறைக்கான இறுவட்டு நொடிக்கு 25 சட்டம் ஓட்டும். 50 நிமிடத்துக்கு 72,000 சட்டங்கள். அதை 25ஆல் வகுத்தால் 2,880 நொடி, சரியாக 48 நிமிடம். குரலும் கொஞ்சம் கீச்சென்று ஏறும். உண்மையான வெட்டு என்றால் எல்லாப் பகுதியிலும் ஒரே அளவாகக் குறையாது. இசை நடுவில் தாவும், வசனம் பாதியில் நிற்கும்.

பெயர் விடயம் வேறு. 1966 செப்டெம்பர் 8இல் முதலில் ஒளிபரப்பானது 'த மேன் ட்ராப்'. மூன்றாவதாக வந்த 'வேர் நோ மேன் ஹாஸ் கோன் பிஃபோர்' அதற்கு முன்பே, வெள்ளோட்டமாக எடுக்கப்பட்டது. அதில் கல்லறைக் கல்லில் 'ஜேம்ஸ் ஆர். கேர்க்' என்றிருக்கும். பிறகுதான் நடு எழுத்து 'டி' ஆனது. சீருடையும் அதில் வேறு. கையேட்டின் வரிசை ஒளிபரப்பு வரிசையா, தயாரிப்பு வரிசையா என்று முன்னுரையில் தேடுங்கள். அதைச் சொல்லாத கையேட்டை நாங்கள் நம்புவதில்லை. 79 பகுதியா 80 பகுதியா என்ற சண்டையும் இப்படித்தான்: அப்போது ஒளிபரப்பாகாத முதல் வெள்ளோட்டம் 'த கேஜ்' சேர்ந்தால் 80.

கேள்வி: தூர்தர்ஷன் இராமாயணத்துக்கு ஞாயிறுகளை எண்ணினால் 80 வருகிறது. நூலில் 78 என்றிருக்கிறது.
– வாசகர், கிளிநொச்சி

பதில்: ராமானந்த் சாகரின் தொடர் 78 பகுதிதான். 1987 ஜனவரி 25 முதல் 1988 ஜூலை 31 வரை 80 ஞாயிறுகள் வருவதும் சரி. எல்லா ஞாயிறும் ஒரு புதிய பகுதி என்று எடுத்துக்கொண்டதுதான் பிசகு. பி. ஆர். சோப்ராவின் மகாபாரதத்தில் இதே கணக்கு மறுபக்கம் சறுக்கும். 1988 ஒக்டோபர் 2 முதல் 1990 ஜூன் 24 வரை 91 ஞாயிறுகள், பகுதிகளோ 94. திகதியை வகுத்துப் பகுதி எண்ணிக்கை எழுதும் கையேடுகள் இங்கேதான் விழுகின்றன. தலைப்பு அட்டைகளை எண்ணுங்கள். பின்னால் வந்த உத்தர இராமாயணம் தனித் தொடர், அதை இதோடு கூட்டக் கூடாது.

கேள்வி: இலங்கையின் முதல் தொலைக்காட்சி ரூபவாஹினிதானே? எங்கள் வாசிகசாலை நூலில் அப்படித்தான் இருக்கிறது.
– வாசிகசாலைப் பொறுப்பாளர், நெடுங்கேணி

பதில்: இல்லை. ஐ.ரி.என். என்ற நிலையம் 1979 ஏப்ரல் 13இல் தொடங்கியது. ரூபவாஹினி 1982 பெப்ரவரி 15இல். சிங்களத்தில் 'ரூபவாஹினி' என்றால் தொலைக்காட்சி என்றே பொதுப்பொருள். மொழிபெயர்ப்பவர் அதை நிலையத்தின் பெயராக எடுத்தால் பிழை பிறந்துவிடும். ஐ.ரி.என். முதலில் கொழும்பைச் சுற்றி மட்டுமே தெரிந்ததால், வன்னியில் பெரியவர்களின் ஞாபகமும் அந்தப் பிழைக்குத் துணை நிற்கும். நூலைப் பேனையால் வெட்ட வேண்டாம். ஓரத்தில் பென்சிலால் சரியான திகதியையும் அதை எங்கே பார்த்தீர்கள் என்பதையும் குறித்து வையுங்கள்.