டெஸ்க்டொப்பில் பழைய கோப்புகளைச் சுருக்கிச் சேமிக்க எந்த மென்பொருள் நல்லது? வின்ராருக்குக் காசு கொடுக்க வேண்டுமா?

அப்பாவின் காணி உறுதிகளை ஸ்கான் செய்த பிரதிகள், குடும்பப் படங்கள், பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் தட்டச்சுச் செய்த வேர்ட் கோப்புகள் எல்லாம் ஒரே கணினியில் கலந்து கிடக்கின்றன, இடமும் போதவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். காசு கொடுக்கத் தேவையில்லை. செவன்-ஜிப் போட்டுக்கொள்ளுங்கள். இகோர் பாவ்லொவ் 1999இல் வெளியிட்ட இலவச மென்பொருள் அது. மூலநிரலும் திறந்தே இருக்கிறது. ஆனால் எதைச் சுருக்குவது, எதைச் சுருக்காமல் விடுவது என்பதுதான் இதில் பெரிய விடயம். அதை நான் நட்டப்பட்டுத்தான் படித்தேன்.

யாழ்ப்பாணம் கொக்குவிலில் எங்கள் வாசிகசாலைக்காக ஊர்க் கல்வெட்டுகளை ஸ்கான் செய்துகொண்டிருந்தேன். வெளிநாட்டில் இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: ஒருவர் இறந்து 31ஆம் நாள் வீட்டார் அச்சடித்துக் கொடுக்கும் நினைவு மலரைத்தான் இங்கே கல்வெட்டு என்போம். அதில் வம்சாவளி இருக்கும். இடத்தை மிச்சம் பிடிக்கலாம் என்று எல்லாவற்றையும் செவன்-ஜிப்பில் ஒரே பொதியாக்கி, அதாவது சுருக்கி ஒரே கோப்பாக அடக்கி, வெளி ஹார்ட் டிஸ்க்கில் போட்டேன். பொதி உருவானதும் அசல்களை அழித்துவிட்டேன். 2022இல் மணிக்கணக்காகக் கரண்ட் போன காலம். டிஸ்க் ஏதோ எழுதிக்கொண்டிருந்தபோதே கரண்ட் போனது. பிறகு திறந்தால் பொதியின் நடுவில் பழுது. முன்பகுதியில் இருந்தவை மீண்டன, பின்பகுதியில் இருந்த 9 கல்வெட்டுகள் வரவில்லை. திரும்ப வாங்கி ஸ்கான் செய்யலாம் என்று போனால், இரண்டு வீடுகளில் கடதாசிப் பிரதியைக் கறையான் அரித்துவிட்டது. அந்த இரண்டு குடும்பங்களின் வம்சாவளி இப்போது எங்கும் இல்லை. இன்றும் அதை நினைத்தால் மனம் ஆறுவதில்லை.

ஏன் இப்படி ஆனது? செவன்-ஜிப்பின் சொந்த வடிவமான செவன்-இசட் பொதியில் ‘சொலிட்’ என்றொரு முறை தானாகவே போடப்பட்டிருக்கும். பல கோப்புகளைச் சங்கிலிபோலக் கோத்து ஒன்றாகச் சுருக்கும். அளவு நன்றாகக் குறையும். ஆனால் சங்கிலியின் ஓரிடம் அறுந்தால் அந்தத் தொகுதியில் அதற்குப் பின்னால் இருப்பதெல்லாம் போய்விடும். பொதி உருவாக்கும் பெட்டியிலேயே ‘சொலிட் புளொக் சைஸ்’ என்ற இடத்தில் ‘நொன்-சொலிட்’ என்று மாற்றலாம். நெடுநாள் வைத்திருக்கப் போகும் எதற்கும் நான் இப்போது அப்படித்தான் செய்கிறேன்.

இன்னொன்று, ஜேபெக் படங்களைச் சுருக்கிப் பயனில்லை. அவை ஏற்கனவே சுருக்கப்பட்டவை, நூற்றுக்கு 2, 3 வீதம் குறைந்தாலே அதிகம். ஸ்கான் செய்த பிடிஎஃப்களும் பெரும்பாலும் அப்படித்தான். அந்தச் சிறு லாபத்துக்காகக் குடும்பப் படங்களைப் பொதிக்குள் பூட்டாதீர்கள். சாதாரண கோப்புறைகளிலேயே இருக்கட்டும், ஆண்டு, நிகழ்வு என்று பெயர் வைத்தால் போதும். பழைய வேர்ட் கோப்புகள், எழுத்துக் கோப்புகள், பிஎம்பி படங்கள், இவைதான் சுருக்கினால் நன்றாகக் குறையும். இடம் போதவில்லையென்றால் இன்னொரு டிஸ்க் வாங்குவதைத் தவிர வேறு வழியில்லை.

வின்ராரில் ஒரு நல்ல விடயம் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். ‘ரிக்கவரி ரெக்கோர்ட்’ என்று சிறிது மேலதிகத் தகவலைப் பொதியோடு சேர்த்து வைக்கும், சிறிய பழுது என்றால் அதைக் கொண்டு திருத்திக்கொள்ளும். செவன்-ஜிப்பில் அது இல்லை. என்றாலும், ஒரு பொதியைத் திருத்தும் வசதிக்குக் கொடுக்கும் காசை இரண்டாவது டிஸ்க்குக்குக் கொடுக்கலாம் என்பது என் எண்ணம். டிஸ்க் முழுதாகச் செத்தால் எந்த ரிக்கவரி ரெக்கோர்டும் உதவாது. மற்றவர்கள் வின்ராரில் உருவாக்கி அனுப்பும் ரார் பொதிகளைத் திறக்கச் செவன்-ஜிப்பே போதும்.

பாமினிக் கோப்புகளைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். பாமினியில் அடித்த எழுத்து உள்ளே ஆங்கில எழுத்துகளாகவே இருக்கிறது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஒன்றும் விளங்காது, தமிழில் தேடினாலும் அகப்படாது. எனவே பொதிக்குள் பாமினி எழுத்துருக் கோப்பையும் சேர்த்து வையுங்கள். நேரம் கிடைக்கும்போது, எந்தக் கணினியிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடுக்கு மாற்றிய பிரதியொன்றையும் அருகில் வையுங்கள். கோப்புப் பெயர்களை யூனிகோடுத் தமிழிலேயே வைக்கலாம். செவன்-இசட் பொதியில் பெயர்கள் யூனிகோடிலேயே பதிவாகும். பழைய மென்பொருள்களில் உருவான ஜிப் பொதிகளில்தான் தமிழ்ப் பெயர்கள் கேள்விக்குறிகளாக மாறிவிடும்.

சரி, ஒழுங்குபடுத்துவது? அதற்கு ‘எவரிதிங்’ என்ற சிறிய இலவச மென்பொருள் இருக்கிறது. பெயரில் இரண்டு எழுத்து அடித்தவுடன் கணினி முழுவதிலும் இருந்து கோப்புகளைக் கொண்டுவந்து தரும், தமிழ்ப் பெயர்களையும் தேடும். ஆனால் பொதிக்குள் இருப்பதை அது பார்க்காது. ‘உறுதி - மேற்கு வளவு - 1974’ என்று கோப்புக்கு நல்ல பெயர் வைத்தால் இரண்டு நிமிடத்தில் கிடைக்கும். ‘ஸ்கான்0043’ என்றால் எந்த மென்பொருளும் காப்பாற்றாது.

கடவுச்சொல் போட நினைப்பீர்கள். செவன்-ஜிப்பின் ஏஇஎஸ்-256 பூட்டு உறுதியானது, சொல் மறந்தால் திறக்க வழியில்லை. அடையாள அட்டை, வங்கிப் புத்தகப் பிரதிகளுக்கு மட்டும் போட்டு, அந்தச் சொல்லைக் கடதாசியில் எழுதி உண்மையான உறுதிகளோடு வையுங்கள். நமக்குப் பிறகு பிள்ளைகள் திறக்க வேண்டும் அல்லவா.

1981இல் 97,000 நூல்களோடு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்த ஊர் இது. ஒரே பிரதி, ஒரே இடம் என்று எதையும் வைத்திருக்கக் கூடாது. ஒரு டிஸ்க் உங்களிடம், மற்றது சகோதரர் வீட்டில் என்று வையுங்கள். கல்வெட்டு, ஊர் மலர் போன்ற பொதுவானவற்றை, வீட்டார் சம்மதித்தால், 2005 முதல் இணையத்தில் இயங்கும் ‘நூலகம்’ என்ற எண்ணிம நூலகத்துக்கும் கொடுக்கலாம்.

பொதி உருவானதும் செவன்-ஜிப்பில் ‘டெஸ்ட்’ கொடுங்கள். பிழையில்லை என்று வந்த பிறகும், டிஸ்க்கை வேறொரு வீட்டுக் கணினியில் செருகி, நடுவில் இருக்கும் ஏதாவது ஓர் உறுதியைத் திறந்து கடைசிப் பக்கம் வரை வாசித்துப் பாருங்கள். அதுவரை அசலை அழிக்காதீர்கள்.