மண்ணுக்குள் பாதி இருக்கும் கீழ்த்தளத்தில் டிவி அறை அமைக்கலாமா?

கேள்வி: கோத்தகிரியில் சரிவில் கட்டிய வீடு எங்களுடையது. சாலை மட்டத்துக்குக் கீழே 24-க்கு 14 அடியில் ஒரு கூடம் இருக்கிறது. பின்சுவர் முழுக்க மண்ணோடு ஒட்டியது. முன்பக்கம் பள்ளத்தாக்கைப் பார்த்து இரண்டு ஜன்னல்கள். டிவி, கேரம் போர்டு, பிள்ளைகளுக்குப் படிப்பு மேசை, விருந்தாளிக்குப் படுக்கை எல்லாம் அங்கே வைக்க ஆசை. நான்கு சுவருக்கும் மரப்பலகை, தரைக்கு கார்ப்பெட் என்கிறார் டிசைனர். செய்யலாமா?

பதில்: பலகையைக் கொஞ்சம் நிறுத்தி வையுங்கள். முதலில் இரண்டடிச் சதுர பாலிதீன் தாளைப் பின்சுவரில் நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, மூன்று நாள் விடுங்கள். தாளுக்கும் சுவருக்கும் நடுவே நீர் கோத்தால் மண்ணிலிருந்து ஊறுகிறது. தாளின் வெளிமுகம் நனைந்தால், அறையின் ஈரக்காற்று குளிர்ந்த சுவரில் படிகிறது. அக்டோபர் முதல் டிசம்பருக்குள் செய்யுங்கள். கோத்தகிரிப் பக்கம் வடகிழக்குப் பருவமழைதான் பலமாகப் பெய்யும். மார்ச்சில் பார்த்தால் சுவர் நல்ல பிள்ளை மாதிரி நடிக்கும்.

ஊறல் என்றால் உள்பக்கம் வாட்டர்ப்ரூஃப் பெயின்ட் அடித்துப் பயனில்லை. பின்னாலிருந்து தள்ளும் நீர் அதைக் கொப்புளமாகக் கிளப்பிவிடும். மேலே கூரைத் தண்ணீர் எங்கே விழுகிறது, சாலையோரக் கால்வாய் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். பாதி ஓதம் அங்கேயே தீரும். மீதிக்கு, அறைக்குள் சுவரடியில், நீர் வெளியே வடியும்படி சின்ன வாய்க்கால், அதற்கு முன்னால் இடைவெளி விட்டு நாலரை அங்குலச் சுவர், எட்டிப் பார்க்க ஒரு திறப்பு. சுவர் வயிறு தள்ளியிருந்தால் மேஸ்திரி போதாது, ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரைக் கூப்பிடுங்கள்.

குன்னூரில் இப்படிப் பலகை அடித்த ஓர் அறையைப் பார்த்தேன். கேரம் போர்டு நடுவில் உப்பியிருந்தது. எவ்வளவு பவுடர் போட்டாலும் ஸ்ட்ரைக்கர் பாதி வழியில் நின்றது. ஒரு பலகையைக் கழற்றினோம், பின்னால் கறுப்பாகப் பூஞ்சணம்.

ஆகவே பின்சுவருக்குச் சுண்ணாம்பு மட்டும் போதும். சோபா அதிலிருந்து அரையடி தள்ளி இருக்கட்டும். டிவி பக்கச்சுவரில், படிப்பு மேசை ஜன்னலடியில். கார்ப்பெட் வேண்டாம், டைல்ஸ் மேல் ஜமக்காளம் விரியுங்கள். வெயில் வந்தால் தூக்கிக் காயப்போடலாமே! ஓர் எக்ஸாஸ்ட் ஃபேன் கட்டாயம். மூடுபனி நாளில் ஜன்னலைத் திறந்தால் ஈரம்தான் உள்ளே வரும், அன்றைக்குக் காற்றின் ஈரத்தை இழுக்கும் டீஹியூமிடிஃபையர் ஓடட்டும்.

அப்புறம், விருந்தாளி படுக்கும் அறை என்பதால் ஒன்று. டிசம்பர் குளிருக்குக் கரி அடுப்பை உள்ளே கொண்டுபோகவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது. தூங்குகிறவருக்குத் தெரியாமலே உயிரை எடுத்துவிடும். கரண்டில் ஓடும், எண்ணெய் அடைத்த ஆயில் ஹீட்டர் வாங்குங்கள். ஒரு ஜன்னலை வெளியே போகும் கதவாக மாற்ற முடிந்தால் இன்னும் நல்லது. ஆனால் உயரம் போதவில்லை என்று தரையை மட்டும் தோண்டிவிடாதீர்கள், பின்சுவரின் அஸ்திவாரம் அங்கேதான் இருக்கிறது.