பட்ஸை எடுத்து வையுங்கள்

கேள்வி: எனக்கு வயது 36. தாராவியில் இருக்கிறேன். தினமும் குளித்ததும் பட்ஸ் போட்டுக் காதைச் சுத்தம் செய்வேன். மழை தொடங்கியதிலிருந்து வலது காதில் ஒரே அரிப்பு, அடைப்பு. பூண்டு தட்டிப்போட்டுக் காய்ச்சிய எண்ணெயை விடச் சொல்கிறார் மாமியார். விடலாமா? இயற்கையாகக் காதைப் பாதுகாக்க என்ன செய்வது?

பதில்: இப்போது எண்ணெய் விடாதீர்கள். பட்ஸையும் இன்றே நிறுத்துங்கள்.

நாம் அழுக்கு என்று நினைக்கும் குரும்பிதான் காதின் காவல். அதில் லேசான அமிலத்தன்மை உண்டு. கிருமியும் பூஞ்சையும் எளிதில் வளராது. அதை வெளியேற்றும் வேலையையும் காதே பார்த்துக்கொள்கிறது. காதுக்குழாயின் தோல், நகம் வளர்வதுபோல மெதுவாக, செவிப்பறையிலிருந்து வெளிப்பக்கமாக நகர்ந்துகொண்டே இருக்கும். குரும்பியும் அதோடு வந்து உதிர்ந்துவிடும். பேசும்போதும் மெல்லும்போதும் தாடை அசைவது இதற்கு உதவுகிறது. சுமார் இரண்டரை சென்டிமீட்டர் நீளமுள்ள அந்தக் குழாய்க்குள் பட்ஸை விட்டால், வெளியே வரவேண்டியதை உள்ளே தள்ளி அடைக்கிறோம். தோலும் சிராய்க்கிறது. மும்பை மழைக்காலத்து ஈரம் சேர்ந்தால் பூஞ்சைக்கு அது போதும். உங்கள் அரிப்புக்கும் அதுவே காரணமாக இருக்கலாம், ஆனால் பார்க்காமல் சொல்ல முடியாது. ரயில் நிலைய வாசலில் கம்பியும் பஞ்சுமாகக் காது சுத்தம் செய்பவர்களிடம் தயவுசெய்து போகாதீர்கள்.

உங்கள் மாமியார் சொல்வதிலும் கொஞ்சம் உண்மை உண்டு. கட்டியான குரும்பியை எண்ணெய் இளக்கும். ஆனால் செவிப்பறையில் ஓட்டை இருந்தாலோ, பூஞ்சைத் தொற்று இருந்தாலோ எண்ணெய் கெடுதல்தான். சூடு அதிகமானால் தோல் வெந்துவிடும். பக்கத்திலேயே சயான் மருத்துவமனையில் காது, மூக்கு, தொண்டைப் பிரிவு இருக்கிறது. போய் ஒருமுறை காட்டுங்கள். சர்க்கரை நோய் இருந்தால் நாள் கடத்தவே வேண்டாம்.

குளித்தபின் தலையைச் சாய்த்துத் தண்ணீரை வடியவிட்டு, காது மடலை மட்டும் துண்டால் துடைத்தால் போதும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். செவிப்பறையின் அதிர்வை மூன்று குட்டி எலும்புகள் உட்காதுக்குக் கடத்துகின்றன. அங்கே நத்தை வடிவச் சுருளில் உள்ள முடி போன்ற நுண்ணிழைகள் கொண்ட செல்கள்தான் அதை நரம்புக்கான செய்தியாக மாற்றுகின்றன. ஒரு காதில் ஏறத்தாழ 15,000. அழிந்தால் மனிதருக்குத் திரும்ப முளைப்பதில்லை. லோக்கல் ரயில் இரைச்சலை மீறிப் பாட்டுக் கேட்க இயர்போன் சத்தத்தைக் கூட்டுகிறோமே, அடிபடுவது இவைதான். சத்தத்தை 60 சதவீதத்துக்குள் வையுங்கள். விநாயகர் சிலையைக் கரைக்கக் கொண்டுபோகும் விசர்ஜன் ஊர்வலத்தில் ஸ்பீக்கர் அருகே குழந்தைகளை நிறுத்தாதீர்கள்.

சீழ், கடும் வலி, தலைசுற்றல் இருந்தால் உடனே மருத்துவரிடம் போங்கள். காது திடீரென்று கேட்காமல் போனாலும் குரும்பி அடைப்புதானே என்று காத்திருக்காதீர்கள்; நரம்புப் பாதிப்பாக இருந்தால் முதல் சில நாட்களில் தொடங்கும் சிகிச்சைக்குத்தான் பலன் அதிகம்.