மலையடியில் ஓர் ஆள்: 'ஸ்டஃபாஜ்' என்றால் என்ன?

கேள்வி: வாட்டர்கலரில் நிலக்காட்சி வரையப் பழகுகிறேன். என் மலைப் படத்தைப் பார்த்த ஆசிரியர், "ஸ்டஃபாஜ் இல்லாமல் வெறிச்சென்று கிடக்கிறது" என்றார். அப்படியென்றால் என்ன? எப்படிச் சேர்ப்பது?

பதில்: நிலக்காட்சியில் துணைக்கு வரும் சிறு மனித உருவங்கள், ஆடுமாடுகள் ஆகியவற்றுக்கு ஓவியர்கள் இட்ட பெயர் அது. அலுவலக ஸ்டாஃபுக்கும் இதற்கும் உறவில்லை. ஒப்பனை செய்வதைக் குறிக்கும் ஜெர்மன் வினைச்சொல்லோடு பிரெஞ்சு விகுதி ஒட்டிப் பிறந்த சொல். தமிழில் 'கருப்பொருள்' என்றே சொல்லிவிட எனக்கும் ஆசைதான். ஆனால் தொல்காப்பியக் கருப்பொருளில் தெய்வம், உணவு, மரம், பறை எல்லாம் அடங்கும். 'துணையுருவம்' போதும்.

படம் அந்த உருவங்களைப் பற்றியதாகிவிட்டால் அது ஸ்டஃபாஜ் அல்ல. ரவிவர்மாவின் சகுந்தலையைப் பாருங்கள்: அங்கே காடுதான் துணை. 17ஆம் நூற்றாண்டு ஹாலந்தில் இந்த வேலைக்கென்றே கைதேர்ந்தவர்கள் இருந்தார்கள். அந்நாட்டு நிலக்காட்சி ஓவியர் ஹொபெமா வரைந்த காட்சிகள் சிலவற்றில் ஆட்களை வரைந்தவர் ஆட்ரியான் ஃபான் டி வெல்ட.

உங்கள் மலை எவ்வளவு உயரம் என்று காட்டப்போவது, அதன் அடியில் நீங்கள் வரையும் சிறு ஆள்தான். எனவே அளவு பிசகக் கூடாது. சமதரையில் நின்றபடி வரைகிறீர்கள் என்றால், உங்கள் உயரமுள்ள எவருடைய கண்ணும் உங்கள் கண்மட்டக் கோட்டில்தான் (படத்தில் உங்கள் கண் உயரத்தைக் குறிக்கும் கிடைக்கோடு) வரும். பத்தடியில் நின்றாலும் சரி, அரை மைல் தள்ளி நின்றாலும் சரி. பாதம் படும் இடம் மட்டுமே மாறும். உட்கார்ந்து வரைந்தால் கோடு அவர்கள் மார்பை ஒட்டிப் போகும். மலைமுகட்டை அந்தக் கோடாக எண்ணிவிடாதீர்கள். கோடு மலைக்குள் எங்கோ தாழ்வாக ஓடும்.

உடலுக்கு, தோளில் அகன்று கீழே கூம்பும் ஒரே தீற்றல், கேரட்டைப் போல. தலைக்கு ஒரு புள்ளி. புதிதாகப் பழகுபவர்கள் எல்லோருமே தலையைப் பெரிதாக்கி, ஆளைக் குழந்தையாக்கிவிடுகிறார்கள். பாதத்தை வரையவே வேண்டாம். ஈரம் காயும் முன் தரையோடு இழுத்துவிடுங்கள். ஆளின் நிழலும், மரங்களின் நிழல் விழும் பக்கமே விழட்டும்.

முடிந்த படத்தில் நேரடியாகக் கைவைக்காதீர்கள். துண்டுத் தாளில் ஆளை வரைந்து, வெட்டி, படத்தின்மேல் நகர்த்திப் பார்த்து இடம் குறியுங்கள். அங்கே ஏற்கெனவே அடர்பச்சை காய்ந்திருந்தால் வெளிர்ச் சட்டை எடுபடாது. கொஞ்சம் வெள்ளை குவாஷ் (அடியிலுள்ள நிறத்தை மறைக்கும் நீர்வண்ணம்) கலந்துகொள்ளுங்கள்.